சி.ஐ.ஓ. ஆகச் சொல்கிறார்கள், ஏற்றுக்கொள்ளலாமா?

கேள்வி:

நான் 18 வருடங்களாகத் தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கிறேன். கடந்த 7 வருடங்களாக இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஐ.டி. மேலாளர். மூன்று ஆலைகள், சுமார் 1,400 ஊழியர்கள். என் குழுவில் 22 பேர். போன வாரம் நிர்வாக இயக்குநர் கூப்பிட்டு, "உங்களை சி.ஐ.ஓ. ஆக்கலாம் என்று இருக்கிறோம். சி.டி.ஓ. என்று போட்டுக்கொள்வதானாலும் சரி, உங்களுக்கு எது பிடிக்கிறதோ அது" என்றார். சம்பளம் கொஞ்சம் கூடும். சைபர் பாதுகாப்பும் இனி என் பொறுப்பு. ஆனால் இப்போது போலவே நிதித் தலைவருக்குக் கீழேதான் இருப்பேன், பட்ஜெட்டும் அவர் கையில்தான். அடுத்த வருடம் புது ஈ.ஆர்.பி.க்கு (கணக்கு, கொள்முதல், கிடங்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) மாறுகிறோம். அதன் தேதியும் அதைச் செய்துதரும் வெண்டரும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. இந்த இரண்டு பதவிக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? நான் ஏற்றுக்கொள்ளலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இரவில் சர்வர் விழுந்தால் இன்றும் நானே உட்கார்ந்து சரிசெய்கிறேன். மேலே போனால் கை மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் நான் நின்றது உங்கள் நிர்வாக இயக்குநர் சொன்ன அந்த வரியில்தான்: "உங்களுக்கு எது பிடிக்கிறதோ அது." அவர் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழு வருட உழைப்பைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் நிதித் தலைவரிடம் போய், "நிதித் தலைவர் என்று போடவா, விற்பனைத் தலைவர் என்று போடவா, எது பிடிக்கும்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பதவிகளில் என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தரப்போகும் பதவியில் என்ன வேலை என்று அங்கே இன்னும் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பயப்பட வேண்டிய விஷயம் இது. கூடவே, அந்த வேலை என்ன என்பதை நீங்களே எழுதிக் கொடுக்கும் வாய்ப்பும் இதில்தான் இருக்கிறது.

வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். சி.ஐ.ஓ. என்பவர் தலைமைத் தகவல் அதிகாரி. நிறுவனம் தினமும் ஓடுவதற்கு வேண்டிய எல்லா அமைப்புகளுக்கும் அவர் பொறுப்பு: கணக்கு, கொள்முதல், கிடங்கு, உற்பத்தித் திட்டம், சம்பளப் பட்டியல், நெட்வொர்க், இவற்றுக்குள் ஓடும் தரவு. அவர் சேவை செய்வது பெரும்பாலும் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. சி.டி.ஓ. என்பவர் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. நிறுவனம் வெளியே விற்கும் பொருளுக்குள் இருக்கும் தொழில்நுட்பம் அவருடையது. மென்பொருள் விற்கும் நிறுவனத்தில் சி.டி.ஓ.தான் பெரிய ஆள். சில பெரிய நிறுவனங்களில் சி.டி.ஓ. என்பவர் சி.ஐ.ஓ.வுக்குக் கீழே சர்வர், கிளவுட், கட்டமைப்பு ஆகியவற்றை மட்டும் பார்ப்பவராகவும் இருப்பார். அதனால் பெயரை வைத்து அதிகாரத்தை அளக்க முடியாது.

சி.ஐ.ஓ. என்ற பெயரே ரொம்பப் பழையது இல்லை. பாஸ்டனில் ஒரு வங்கியின் தகவல் துறையை நடத்திய வில்லியம் சின்னாட், வில்லியம் குரூபர் என்பவரோடு சேர்ந்து 1981இல் அதை எழுத்தில் முன்வைத்தார். பணமும் ஆட்களும் போலத் தகவலும் ஒரு நிறுவனத்தின் வளம், அதைப் பார்த்துக்கொள்ள உயர்மட்டத்தில் ஒருவர் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் 1996இல் வந்த கிளிங்கர்-கோஹன் சட்டம், மத்திய அரசின் பெரிய துறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சி.ஐ.ஓ. இருக்க வேண்டும் என்றது. அவர் துறைத் தலைவரிடமே நேரடியாக அறிக்கை தர வேண்டும் என்பதும் அங்கே சட்டம்தான். யாருக்குக் கீழே என்பதைக்கூட ஏன் சட்டத்தில் எழுதினார்கள் என்பது எனக்கு வேலையில் அடிபட்ட பிறகுதான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் நிறுவனம் உதிரிபாகம் செய்து விற்கிறது. உங்கள் வேலை ஆலையும் கிடங்கும் கணக்கும் நிற்காமல் ஓடுவது. எனவே உங்களுக்குப் பொருந்துவது சி.ஐ.ஓ. நாளைக்கு உங்கள் உதிரிபாகத்தில் சென்சார் வைத்து, அதிலிருந்து வரும் தரவை வாடிக்கையாளருக்கு விற்க ஆரம்பித்தால் அப்போது ஒரு சி.டி.ஓ. தேவைப்படலாம். அவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தக் கேள்வி இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

நீங்கள் நேரடியாகக் கேட்காத கேள்வி ஒன்று கடிதம் முழுக்க இருக்கிறது. பட்ஜெட் அவர் கையில், தேதி முடிவாகிவிட்டது, வெண்டர் முடிவாகிவிட்டது, பாதுகாப்பு மட்டும் என் பொறுப்பு. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவுகள் எல்லாம் வேறு இடத்தில் எடுக்கப்படுகின்றன. ஏதாவது தவறினால் வந்து நிற்க வேண்டிய ஆள் நீங்கள். மேலாளராக இருக்கும்போதும் இது இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் மேலாளரைக் காப்பாற்ற மேலே ஒருவர் இருப்பார். சி.ஐ.ஓ. என்று பெயர்ப்பலகை வந்த பிறகு யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

டி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் வங்கியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈ.ஆர்.பி. மாற்றத்துக்கு முன்னால் நிற்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. லாயிட்ஸ் வங்கிக் குழுமத்திலிருந்து பிரிந்த டி.எஸ்.பி., அதன் பிறகும் பல வருடங்கள் லாயிட்ஸின் கணினி அமைப்பிலேயே வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் ஸ்பெயினின் சபாடெல் வங்கி அதை வாங்கியது. சபாடெல் குழுமத்தின் சொந்த ஐ.டி. நிறுவனமான சாபிஸ் ஒரு புது அமைப்பைக் கட்டியது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே மூச்சில் அதற்கு மாற்றினார்கள். தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அமைப்பு சுமை தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் நின்றார்கள். எல்லாம் வழக்க நிலைக்குத் திரும்ப அந்த வருட டிசம்பர் ஆகிவிட்டது. பின்னால் நடந்த விசாரணையில், இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டும்தான் சுமைச் சோதனை நடந்தது என்பது வெளியே வந்தது.

வங்கிக்கு 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. அத்தோடு நிற்கவில்லை. 2023 ஏப்ரலில், அந்த நேரத்தில் சி.ஐ.ஓ.வாக இருந்தவர் மீது தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் போட்டார்கள். அவர் பணத்தை எடுத்துக்கொண்டாரா, பொய் சொன்னாரா? அப்படி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. வேலையைச் செய்துகொடுத்த வெளி நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்பதைச் சரிபார்க்க அவர் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்பதுதான் கண்டறிந்த குறை. "நாங்கள் தயார்" என்று அவர்கள் கொடுத்த உறுதியை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குக் கீழே இருந்த துணை ஒப்பந்ததாரர்கள் தயாரா என்று தோண்டிப் பார்க்கவில்லை. அந்த வெளி நிறுவனம் சொந்தக் குழுமத்தைச் சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். "நம்ம ஆள்தானே, எப்படிக் கேட்பது" என்ற தயக்கம் அங்கே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என் அனுபவத்தில் அந்தத் தயக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது.

உங்கள் நிறுவனம் வங்கி இல்லை, உங்கள் மீது யாரும் அபராதம் போடப்போவதில்லை. ஆனால் வேலை அதேதான். வெண்டரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தேதியை நீங்கள் குறிக்கவில்லை. பதவியை ஏற்ற அடுத்த நாளிலிருந்து இரண்டும் உங்களுடையவை.

என் கதையைச் சொல்கிறேன். முதன்முதலாக சி.ஐ.ஓ. ஆன வருடம், ஒரு நிறுவனத்தில் புதிய கிடங்கு மென்பொருள் வந்தது. நிதியாண்டு முடிவுக்குள் வந்துவிட வேண்டும் என்று விற்பனைப் பிரிவு தேதி குறித்திருந்தது. சரக்குப் பட்டியலில் ஒரே பொருள் மூன்று பெயரில் இருந்தது. அளவுகள் சில இடத்தில் பெட்டிக் கணக்கு, சில இடத்தில் எண்ணிக்கை. இதைச் சுத்தம் செய்யாமல் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் என்ன செய்தேன்? 40 பக்கம் ஒரு அறிக்கை தயாரித்தேன். அதில் 31ஆம் பக்கத்தில், "தரவுத் தரம் குறித்துச் சில கவலைகள் உள்ளன" என்று எழுதினேன். கூட்டத்தில் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டினோம். மாறிய முதல் திங்கட்கிழமை காலை லாரிகள் வரிசையில் நின்றன. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று கணினி சொன்னது ஒன்று, அங்கே இருந்தது வேறு. ஒன்பது நாள் கையால் சீட்டு எழுதிச் சரக்கு அனுப்பினார்கள். கிடங்கு ஊழியர்கள் நள்ளிரவு வரை நின்றார்கள், அவர்கள் செய்யாத தவறுக்கு. அவர்கள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்குத் தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் எழுத்தில் இல்லை. அது உண்மை. அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று பதவியை வாங்கும் நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் உண்மை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியவற்றில் முதல் இடம் இதற்குத்தான்: புதிய அமைப்பு எப்போது மாறும் என்பதில் கடைசிச் சொல் யாருடையது? தேதியை இப்போதே மாற்றுங்கள் என்று கேட்காதீர்கள், அது வீண் சண்டை. தேதி அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தத் தேதியில் மாறுவதற்கு என்னென்ன முடிந்திருக்க வேண்டும் என்பதை இப்போதே எழுதி, நிர்வாக இயக்குநர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முழுத் தரவையும் குறைந்தது மூன்று தடவை முழு ஒத்திகையாக ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். கணினி காட்டும் இருப்பும் கிடங்கில் எண்ணிய இருப்பும் ஒத்துப்போக வேண்டும், எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்ற எண்ணோடு. மூன்று ஆலையிலும் ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களே ஒரு முழு நாள் வேலையைப் புதிய திரையில் செய்து முடித்திருக்க வேண்டும், உங்கள் ஆட்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல். மாத முடிவுக் கணக்கை ஒரு தடவை அதில் மூடிப் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் தவறிப்போனால் பழைய அமைப்புக்குத் திரும்பும் வழியை ஒரு தடவையாவது நடத்திப் பார்த்திருக்க வேண்டும். இதில் ஒன்று முடியவில்லை என்றாலும் தள்ளிவைப்பது என்ற முடிவு தானாக வரும், சண்டை போட்டு வர வேண்டியதில்லை. யாரும் கோபத்தில் இல்லாதபோது எழுதி வைத்த நிபந்தனைக்கு, கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னால் பெரிய பலம் உண்டு.

வெண்டர் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி முழுக்கப் படியுங்கள். உங்களிடம் காட்டாமல் கையெழுத்தாகியிருந்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள். வேலையை உண்மையில் யார் செய்யப்போகிறார்கள், எத்தனை துணை ஒப்பந்ததாரர்கள், பிரச்சினை வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், நாளைக்கு அவர்களை விட்டு வெளியேறினால் உங்கள் தரவு என்ன வடிவத்தில் திரும்பக் கிடைக்கும். இந்தக் கடைசி வரி பல ஒப்பந்தங்களில் இருக்கவே இருக்காது.

அடுத்து, நிதித் தலைவருக்குக் கீழே இருப்பது. இதை மட்டும் காரணமாக வைத்துப் பதவியை மறுக்க வேண்டாம். உங்கள் அளவுள்ள பல நிறுவனங்களில் இதுதான் ஏற்பாடு, சில இடங்களில் நன்றாகவே நடக்கிறது. நல்ல நிதித் தலைவரிடமிருந்து நான் கற்றது நிறைய. ஒரு செலவு ஏன் வேண்டும் என்பதை மூன்று வாக்கியத்தில் சொல்ல என்னைப் பழக்கியவர் அப்படி ஒருவர்தான். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஐ.டி. என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. வருட நடுவில் லாபம் குறைந்தால் முதலில் கை வைப்பது அங்கேதான்: பழைய சர்வரை மாற்றுவதை அடுத்த வருடம் பார்க்கலாம், பேக்கப் விரிவாக்கத்தை அடுத்த வருடம் பார்க்கலாம். அப்படித் தள்ளிவைத்ததில் இருக்கும் ஆபத்து அவர் வழியாகவே மேலே போக வேண்டியிருந்தால், அது மேலே போகாது. கெட்ட எண்ணத்தால் இல்லை. அவருக்கு அது நூறு விஷயங்களில் ஒன்று.

எனவே யாருக்குக் கீழே என்பதை மாற்றச் சொல்வதை விட, எந்த அறைக்குள் உங்களுக்கு இடம் என்று கேளுங்கள். நிறுவனத்தின் உயர்மட்ட நிர்வாகக் கூட்டத்தில் நீங்கள் உறுப்பினரா, அல்லது ஐ.டி. விஷயம் வரும்போது மட்டும் கூப்பிட்டு அனுப்பிவிடுவார்களா? புதிய ஆலை, புதிய வாடிக்கையாளர், ஒரு நிறுவனத்தை வாங்குவது, இதெல்லாம் பேசப்படும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு "அடுத்த மாதம் 200 பேருக்குக் கணினி வேண்டும்" என்று தகவல் வருவது மேலாளருக்கு. அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இயக்குநர் குழுவின் முன் அரை மணி நேரம், நிதித் தலைவரும் உட்கார்ந்திருக்க, நீங்களே நேரடியாகப் பேச வேண்டும். இது அதிகப்படியான கோரிக்கை இல்லை. நிறுவனங்களின் ஐ.டி. ஆளுகைக்கென்று 2008இல் வந்த ஐ.எஸ்.ஓ. 38500 என்ற சர்வதேசத் தரநிலை, மதிப்பிடுவது, வழிகாட்டுவது, கண்காணிப்பது ஆகிய மூன்றையும் இயக்குநர் குழுவின் வேலையாகவே வைக்கிறது. உங்கள் பேச்சைக் கேட்காமல் அவர்கள் அந்த வேலையைச் செய்ய முடியாது.

பட்ஜெட்டில் முழு அதிகாரம் கிடைக்காது, பரவாயில்லை. இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். அமைப்புகளை ஓடவைக்கும் செலவையும் புதிதாக மாற்றும் செலவையும் தனித்தனி வரியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கலந்து இருந்தால், புதுத் திட்டம் எகிறும்போது பராமரிப்பிலிருந்து பணம் நழுவும், யாருக்கும் தெரியாது. இரண்டாவது, எந்தப் பிரிவு எந்த மென்பொருளை வாங்கினாலும், கிளவுட் சந்தாவாக இருந்தாலும், உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்கக் கூடாது. விற்பனைப் பிரிவு தானாகவே ஒரு சந்தா வாங்கி வாடிக்கையாளர் பட்டியலை எங்கோ ஏற்றிவைத்திருப்பது எல்லா நிறுவனத்திலும் நடக்கிறது. கசிவு நடந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

இனி பாதுகாப்பு. "சைபர் பாதுகாப்பும் இனி என் பொறுப்பு" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் ஒரே வரியில்தான் சொல்லியிருப்பார்கள். இது தனிப் பதவியாக உருவானதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1994இல் சிட்டிபேங்கின் அமைப்புக்குள் ரஷ்யாவிலிருந்து புகுந்து ஒரு கோடி டாலருக்கு மேல் மாற்றப் பார்த்தார்கள். பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் ஸ்டீவ் காட்ஸ் என்பவரைத் தகவல் பாதுகாப்புக்கென்றே தலைமை அதிகாரியாக நியமித்தார்கள். உலகின் முதல் சி.ஐ.எஸ்.ஓ., அதாவது தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி, என்று அவரைத்தான் சொல்வார்கள்.

தனிப் பதவி வைத்தாலே போதுமா என்றால், 2017இல் ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. அவர்கள் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் ஓட்டை இருப்பதும் அதற்குத் திருத்தம் வந்துவிட்டதும் மார்ச் மாதமே தெரிந்த விஷயம். மே மாதத்தில் அதே ஓட்டை வழியாக உள்ளே வந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டுச் சொன்னது: அங்கே பாதுகாப்புத் தலைவர் இருந்தது சட்டப் பிரிவின் தலைவருக்குக் கீழே, சி.ஐ.ஓ. இருந்தது வேறு வரிசையில். முன்பொரு காலத்தில் அந்த இரண்டு நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு ஒத்துப்போகவில்லை, அதனால் பிரித்து வைத்தார்கள். ஆட்கள் போன பிறகும் அந்தப் பிரிவினை அப்படியே நின்றது. ஓட்டையைக் கண்டுபிடிப்பது ஒருவர் வேலை, அடைப்பது இன்னொருவர் வேலை, நடுவில் யாரும் இல்லை.

உங்களுக்கு 22 பேர்தான். தனி சி.ஐ.எஸ்.ஓ. வைக்க முடியாது என்று சொல்வார்கள், அது நியாயம்தான். ஆனால் அமைப்பை ஓடவைப்பவரே அதன் பாதுகாப்புக்கும் மதிப்பெண் போடக் கூடாது. ஒரே ஒருவரையாவது பாதுகாப்புக்கென்று முழு நேரமாக வையுங்கள். உங்கள் கீழ் இருக்கட்டும், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை தணிக்கைக் குழுவிடம் நீங்கள் இல்லாமல் தனியாகப் பேசும் உரிமை அவருக்கு இருக்கட்டும். உங்களைப் பற்றிக் குறை சொல்லும் வழியை நீங்களே திறந்து வைக்கிறீர்களே என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆமாம், அதற்காகத்தான்.

ஆலை நடத்தும் உங்களுக்கு இன்னொரு சம்பவம் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. 2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோ மீது ரான்சம்வேர் தாக்குதல் (கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது) நடந்தது. சுமார் 35,000 ஊழியர்கள் உள்ள நிறுவனம். கணினிகளை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டு, பல ஆலைகளில் காகிதத்தையும் கைமுறை இயக்கத்தையும் வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். பணம் கொடுக்க மறுத்து, பேக்கப்பிலிருந்து மீண்டார்கள். என்ன நடக்கிறது என்று வெளிப்படையாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் மூன்று ஆலைகளில், நாளை காலை எல்லாத் திரையும் கறுத்துவிட்டால் எந்த ஆர்டரை எந்த இயந்திரத்தில் ஓட்டுவது என்று காகிதத்தில் எங்காவது இருக்கிறதா? பேக்கப் எடுக்கிறீர்கள், சரி. அதிலிருந்து முழுவதும் மீட்டுப் பார்த்தது கடைசியாக எப்போது? முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தில் நீங்கள் கொண்டுபோக வேண்டியது இந்த இரண்டு கேள்விக்கும் உண்மையான பதில். பதில் மோசமாக இருந்தாலும், அதை முதல் பக்கத்தில் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் கை. பொய் சொல்ல மாட்டேன்: ஓரளவு மறந்துபோகும். இரண்டு வருடத்தில் உங்கள் குழுவில் இருக்கும் இளைஞர்கள் உங்களை விட வேகமாகக் கட்டளை அடிப்பார்கள். சர்வர் விழுந்த இரவில் நீங்கள் விசைப்பலகையில் உட்கார்ந்தால் அவர்களுக்கு இடைஞ்சல்தான். எனக்கு இது வலித்தது. ஒரு வருடம் வரை யாருக்கும் தெரியாமல் லாகின் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் தொழில்நுட்ப அறிவு வீணாகாது. அது வேறு வேலைக்கு வரும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏழில்தான் ஏற்றினார்கள். எட்டாவதில் வருடக்கணக்காகப் பயன்படுத்தாத ஒரு பழைய நிரல் உயிரோடு கிடந்தது. சந்தை திறந்ததும் அது ஓட ஆரம்பித்து, நிறுத்தமில்லாமல் ஆர்டர்களை அனுப்பியது. சந்தை திறப்பதற்கு முன்பே, பிழையைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் அங்கே பலருக்குப் போயிருந்தன. யாரும் கவனிக்கவில்லை. ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் நீங்கள் போய் உட்கார வேண்டியதில்லை. ஆனால் "எட்டிலும் ஏறிவிட்டது என்பதை யார் பார்த்தார்? ஏற்றியவரே பார்த்தாரா, வேறு ஒருவரா? பயன்படாத பழைய நிரல் ஏன் இன்னும் அங்கே இருக்கிறது? எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால் எழுந்திருக்க வேண்டியவர் யார்?" என்று கேட்கத் தெரிய வேண்டும். இரவில் சர்வர் முன் உட்கார்ந்த அனுபவம் இல்லாதவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றவே தோன்றாது. உங்களுக்கு 18 வருடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் உங்கள் ஹெல்ப் டெஸ்க்கில் போய் உட்கார்ந்து வரும் அழைப்புகளைக் கேளுங்கள். பெரிய கோளாறு நடந்தால் அடுத்த நாள் நடக்கும் அலசல் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், யார் தவறு என்று மட்டும் கேட்காதீர்கள். இதைச் செய்தால் உங்கள் அறிவு பழசாகாது.

ஏற்றுக்கொள்ளலாமா என்றால், என் பதில் இது. ஒரு பக்கம் எழுதுங்கள். மாறும் தேதிக்கான நிபந்தனைகள், நிர்வாகக் கூட்டத்தில் இடம், இயக்குநர் குழுவிடம் நேரடிப் பேச்சு, பிரித்து வைத்த பட்ஜெட், மென்பொருள் கொள்முதலில் கையெழுத்து, பாதுகாப்புக்கு ஒரு முழு நேர ஆள். முதலில் நிதித் தலைவரிடம் காட்டுங்கள், அவரைத் தாண்டிப் போனதாக அவருக்குத் தோன்றக் கூடாது. பிறகு இருவரும் சேர்ந்து நிர்வாக இயக்குநரிடம் போங்கள். எல்லாம் கிடைக்காது. பட்ஜெட் பிரிப்பது அடுத்த வருடம் என்றால் சரி. பாதுகாப்பு ஆள் ஆறு மாதம் கழித்து என்றாலும் பொறுக்கலாம், தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஈ.ஆர்.பி. மாறும் நாளில் "இன்னும் தயாரில்லை" என்று சொல்லும் உரிமையைத் தர மறுத்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏற்க மாட்டேன். மேலாளராகவே இருந்து, அந்தத் திட்டத்தில் என் வேலையை ஒழுங்காகச் செய்து, மாற்றம் முடிந்த பிறகு மறுபடி பேசுவோம் என்பேன்.

இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள், கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. நீங்கள் மேலே போனால் இப்போதைய ஐ.டி. மேலாளர் வேலையை யார் செய்வார்? அந்த இடத்தை நிரப்புவதாக அவர்கள் சொல்லாவிட்டால், பகலில் சி.ஐ.ஓ.வாகவும் இரவில் மேலாளராகவும் நீங்களே இருப்பீர்கள். 22 பேரில் யாராவது ஒருவர் உங்கள் மனதில் ஏற்கெனவே இருப்பார். அவர் பெயரையும், எந்தத் தேதியிலிருந்து பொறுப்பேற்பார் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த தடவை இரவில் சர்வர் விழும்போது அழைப்பு அவருக்குப் போகட்டும்.